பக்கவாட்டு வாசிப்பு பிறந்த கதை

இணையத்தில் படிப்பதை நம்பலாமா, கூடாதா என்று கண்டுபிடிக்க, அமெரிக்க மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கேள்விப் பட்டியல்களைத்தான் கொடுத்துவந்தார்கள். அப்படிப் பரவலானவற்றுள் ஒன்று, 2004-ல் கலிஃபோர்னியாவின் சிக்கோ பல்கலைக்கழக நூலகர் சாரா பிளேக்ஸ்லீ உருவாக்கியது. தகவல் புதியதா, தேவைக்குப் பொருந்துகிறதா, எழுதியவர் யார், சொல்வது சரியா, நோக்கம் என்ன என ஐந்து கேள்விகள். கேள்விகளில் குறையில்லை. ஆனால், விடைகளையும் அந்தப் பக்கத்துக்குள்ளேயே தேடும் பழக்கம் மாணவர்களிடம் ஒட்டிக்கொண்டது.

மாணவர்களின் தடுமாற்றம் ஒரு சோதனையில் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வரலாற்றுக் கல்விக் குழு, 2015 ஜனவரி முதல் 2016 ஜூன் வரை 12 மாநிலங்களில் 7,804 விடைகளைத் திரட்டியது. ‘ஸ்பான்சர்டு கன்டென்ட்’ என்று வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்த விளம்பரத்தையே, நடுநிலைப் பள்ளி மாணவர்களில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் செய்தி என்று நம்பியிருந்தார்கள்.

மாணவர்கள் தடுமாறுகிறார்கள், சரி. கைதேர்ந்தவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்? குழுவின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை அழைத்தார்கள்: வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற 10 பேர், செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர். கணினித் திரையில் தேடும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள்.

பள்ளிகளில் பிள்ளைகள் சக பிள்ளைகளைத் துன்புறுத்துவது பற்றி இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகளின் கட்டுரைகள் தரப்பட்டன. ‘அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ்’ 1930-ல் தொடங்கிய, 60,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு. ‘அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பீடியாட்ரிஷியன்ஸ்’, தன்பால் இணையர் குழந்தை வளர்ப்பதற்கு அகாடமி ஆதரவு தெரிவித்ததை எதிர்த்து 2002-ல் பிரிந்த சிறு குழு. ஆனால் அதன் பக்கமும் நேர்த்தியாக இருந்தது. கட்டுரைக்கு அடியில் மேற்கோள் பட்டியலும் இருந்தது.

மாணவர்களில் பெரும்பாலோர் அந்தச் சிறு குழுவையே நம்பினார்கள். ஆவணங்களில் ஊறிய வரலாற்று அறிஞர்களும் வரி வரியாகப் படித்துவிட்டு முடிவுக்கு வர முடியாமல் தயங்கினார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தின் மேல் ஒரு பார்வை ஓட்டியதோடு சரி; உடனே புதிய டேப்களைத் திறந்து, அமைப்பின் பெயரைத் தேடினார்கள். தேடலில் முதலில் வந்த இணைப்பைச் சட்டென்று அமுக்கவுமில்லை; எந்த முடிவு யாருடையது என்று மேலிருந்து கீழ்வரை பார்த்த பிறகே தேர்ந்தெடுத்தார்கள். பத்துப் பேருமே அகாடமிதான் நம்பத்தக்கது என்றார்கள். குறைவாகப் படித்தவர்களுக்குத்தான் கூடுதலாகத் தெரிந்தது!

பெண் கொடுக்கும்போது மாப்பிள்ளை எப்படி என்று அவர் வீட்டாரிடமா விசாரிக்கிறோம்? அக்கம்பக்கத்தில் கேட்கிறோம். சரிபார்ப்பாளர்கள் செய்ததும் அதுதான். 2017-ல் வெளியான ஆய்வறிக்கையில் வைன்பர்க்கும் மெக்ரூவும் இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்று விளக்கினார்கள். இணையத் தகவல்களைச் சரிபார்க்கக் கற்றுத்தரும் மைக் கால்ஃபீல்டு 2019-ல் இதை நான்கு படிகளாக்கினார்: நில், யார் சொல்கிறார் என்று பார், வேறு நல்ல இடத்தில் தேடு, மூலத்துக்குப் போ.

இதை வகுப்பில் கற்றுத்தர முடியுமா? முடியும் என்று 499 உயர்நிலைப் பள்ளி மாணவர்களை வைத்து நடந்து, 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. தேவைப்பட்டவை 50 நிமிடப் பாடவேளைகள் ஆறு மட்டுமே. அந்தப் பாடங்களைப் பெற்ற வகுப்புகள், பெறாத வகுப்புகளைவிடத் தெளிவாக முன்னேறின.

ஆண்டு முழுக்கப் பாடம் நடத்தும் பள்ளிகளுக்கு ஆறு பாடவேளை பெரிய சுமையல்ல. ஆசிரியர்களே, ஒரு மாணவர் செல்போனை நீட்டி “இது உண்மையா சார்?” என்று கேட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். புதிய டேப் ஒன்றைத் திறந்து, அதைச் சொல்பவர் யார் என்று அந்த மாணவரையே தேடவையுங்கள்.