மரண ரயிலும் மறந்துபோன மக்களும்

சேர்வராயன் மலையில், மஞ்சக்குட்டையைச் சூழ்ந்த காப்பித் தோட்டங்களில் உழைப்போரின் வாழ்வை நாம் ஓரளவு அறிவோம். அதே சேலம் மாவட்டத்திலிருந்தும், திருச்சி, தஞ்சை மாவட்டங்களிலிருந்தும் கடல் கடந்து மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குச் சென்ற ஏழைகளுக்கு நேர்ந்த கதியை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தாபாருவில் கரையிறங்கியது. அன்றே பிலிப்பைன்ஸ் தீவுகளும் தாக்கப்பட்டன. 11ஆம் நாள், நம்மவர் தலைமுறை தலைமுறையாக வணிகம் செய்துவந்த பினாங்கு நகரின் மீது குண்டுமாரி பொழிந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. சபர் சென்றவர்களின் கடிதமும் பணமும் நின்றன. நாகூரிலும் கடையநல்லூரிலும் எத்தனையோ தாய்மார்கள், கணவர் உயிரோடிருக்கிறாரா என்பதும் அறியாமல் மூன்றரை ஆண்டுகள் துஆச் செய்தபடியே காலம் கழித்தனர்.

மலாயாவில் ரப்பர் ஏற்றுமதி நின்றது. தோட்டங்களில் வேலை போயிற்று. அரிசி அரிதாகி, மரவள்ளிக் கிழங்கே உணவாயிற்று. அந்நிலையில்தான் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை அமைக்க ஜப்பானியர் ஆள் திரட்டினர். நல்ல கூலி என்ற ஆசைவார்த்தையை நம்பிச் சிலர் சென்றனர். பலர் பலவந்தமாக ஏற்றப்பட்டனர். மலாயாவிலிருந்து சென்றோரில் தமிழரே மிகுதி. மலாய், ஜாவா முஸ்லிம்களும் பர்மியரும் அங்கே உடன் உழைத்தனர்.

1943 அக்டோபரில் பாதை இணைந்தது. அதற்குள் போர்க்கைதிகளில் ஏறத்தாழ 12,000 பேர் மாண்டனர். ஆசியத் தொழிலாளரிலோ ஏறத்தாழ 90,000 பேர் இறந்தனர் என்பது ஆய்வாளர் மதிப்பீடு. கைதிகளுக்குத் தங்கள் படை மருத்துவர்கள் இருந்தனர். அதிகாரிகள் பெயர்ப்பட்டியலும் வைத்திருந்தனர். தோட்டத் தொழிலாளிக்கு இரண்டும் இல்லை. மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது மூங்கில் கொட்டகைகளில் கிடந்தபடியே மடிந்தனர். இன்று காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் வரிசையாக அடங்கியுள்ளனர். நம் தொழிலாளிக்குப் பெயர் பொறித்த ஒரு கல்லும் இல்லை.

அதே போர் சேலத்துக்கு வேறொன்றைக் கொண்டுவந்தது. மலாயா ஜவ்வரிசியின் வரவு நின்றுபோகவே, 1943 வாக்கில் இங்கு மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் பிறந்தது. அக்கரையில் பட்டினியின் அடையாளமான கிழங்கு, இக்கரையில் பல குடும்பங்களுக்குப் பிழைப்பாயிற்று. இன்று நம் வீட்டுப் பாயசத்தில் வேகும் ஜவ்வரிசிக்குப் பின்னால் இப்படியும் ஒரு வரலாறு உண்டு.

இறந்தவரைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது அடக்குவது சமூகத்தின் மீது பர்ளு கிஃபாயா. யாரும் நிறைவேற்றாவிடில் பழி அனைவரையும் சாரும். அந்தக் காட்டில் கிடந்தவர்களுக்கு அக்கடமையை நிறைவேற்ற நமக்கு இனி வழியில்லை. ஆனால் அவர்களின் பெயர்களையேனும் காக்கலாம். அக்கரை சென்று திரும்பாத பாட்டனார், பெரிய வாப்பா எந்த வீட்டிலேனும் இருந்திருப்பின், அவர் பெயரையும் ஊரையும் சென்ற ஆண்டையும் எழுதிவைப்போம். பழைய கடிதங்களைக் கரையானுக்கு விடாதிருப்போம். அண்டை வீட்டு இந்து, கிறித்தவ சகோதரரிடமும் கேட்டு எழுதுவோம். அந்தப் பாதையில் அவர்கள் ஒன்றாகவே மாண்டனர்.