பாளையங்கோட்டைப் பாப்பாத்தியம்மாள்

திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் யாரிடமாவது "உங்க ஊர்ல சபை எப்படி வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ரேனியஸ் ஐயர், கால்டுவெல் ஐயர், சாராள் தக்கர் என்று பெயர்கள் வரிசையாக வரும். எல்லாமே வெள்ளைக்காரப் பெயர்கள். அவர்கள் செய்தது பெரிய வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தது 1820-ல். அதற்கு நாற்பது வருஷம் முன்பே அங்கே ஒரு சபை இருந்தது. அதை நட்டவர் குரு அல்ல, வெள்ளைக்காரரும் அல்ல, ஆணும் அல்ல. தஞ்சாவூரிலிருந்து வந்த ஒரு பிராமண விதவை.

(கத்தோலிக்க நண்பர்கள் சண்டைக்கு வரும் முன் ஒரு வார்த்தை. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் பதினாறாம் நூற்றாண்டிலேயே ஞானஸ்நானம் பெற்றவர்கள். பிரான்சிஸ் சேவியர் அங்கே வந்தது 1542-ல். காமநாயக்கன்பட்டி, வடக்கன்குளம் எல்லாம் இந்தக் கதைக்கு முந்தியவை. நான் இங்கே சொல்வது புராட்டஸ்டண்ட் சபையின் ஆரம்பம் மட்டும்.)

பாளையங்கோட்டையில் அந்தக் காலத்தில் கோட்டையும் பட்டாளமும் இருந்தன. பட்டாளம் போகும் இடத்துக்கெல்லாம் கூடவே ஒரு கூட்டம் போகும். சிப்பாய்களின் குடும்பங்கள், சமையல்காரர்கள், கணக்கர்கள், துபாஷிகள். இவர்களில் சிலர் திருச்சியிலும் தஞ்சாவூரிலும் சுவார்ட்ஸ் ஐயரின் சபையில் சேர்ந்தவர்கள். மாற்றலாகி வந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். புது ஊரில் குருவும் இல்லை, கோயிலும் இல்லை. நம்மைப் போன்றவர்களுக்கு இது புரியாத நிலைமை இல்லை.

சவரிமுத்து என்று ஒருவர். திருச்சி சபையைச் சேர்ந்த சாதாரண விசுவாசி. பாளையங்கோட்டையில் குடியிருந்துகொண்டு, கேட்க வந்தவர்களுக்கெல்லாம் வேதத்தை வாசித்துக் காட்டியிருக்கிறார். அங்கே ஓர் ஆங்கிலேய சார்ஜென்டும் இருந்தார். அவர் மனைவியும் திருச்சி சபைதான். இந்தச் செய்தி 1771-ல் சுவார்ட்ஸ் ஐயர் எழுதிய குறிப்பில் இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் மூன்றாமவர். ஓர் இளைஞர், கணக்கர். சவரிமுத்து வாசித்ததைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் சார்ஜென்டிடம் போய் ஞானஸ்நானம் கேட்கிறார். சார்ஜென்ட் தனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்லிக்கொடுத்து, ஞானோபதேசத்தின் ஐந்து பகுதிகளையும் மனப்பாடம் பண்ண வைத்து, தானே ஞானஸ்நானமும் கொடுத்துவிட்டார்!

ஐயருக்கு இதில் வருத்தம். முறையாகப் போதிக்கப்படாத ஆளால் கெடுதல்தான் வரும் என்று நினைத்தார். முறை என்று பார்த்தால் அவர் சொன்னது சரிதான். ஆனால் முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குரு எப்போது வருவார் என்று அந்தக் கணக்கர் எத்தனை வருஷம் காத்திருக்க முடியும்?

இனி நம்ம ஆள். பிறந்தபோது வைத்த பெயர் கோகிலா என்று சொல்வார்கள். தஞ்சை மராட்டிய அரசில் பணியிலிருந்த மராட்டியப் பிராமணர் ஒருவரின் மனைவி. அவர் இறந்த பிறகு, லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் பட்டாள அதிகாரியோடு வாழ்ந்தார், கல்யாணம் இல்லாமல். அந்த அதிகாரிதான் அவருக்குக் கிறிஸ்தவப் போதனையின் முக்கிய விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு மாற்றலாகி இருவரும் பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள்.

உடன்கட்டை ஏறப்போன பெண்ணை வெள்ளைக்காரத் துரை வாளோடு பாய்ந்து காப்பாற்றினான் என்று ஒரு கதை உண்டு. பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அ. மாதவையா 1915-ல் இவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நாவலே எழுதினார். பத்மாவதி சரித்திரம் எழுதிய அதே மாதவையா, திருநெல்வேலிச் சீமைக்காரர். நாவல் நாவலாக இருக்கட்டும். எனக்கு அந்தக் கதை மேல் ஒரு சந்தேகமும் ஒரு மனக்குறையும் உண்டு. சந்தேகம், சுவார்ட்ஸ் ஐயரின் குறிப்பில் அப்படி ஒன்றும் இல்லாததால். மனக்குறை, அந்தக் கதையில் அவர் வெறுமனே காப்பாற்றப்படுகிறவராக மட்டும் இருப்பதால். நெருப்பு, குதிரை, வாள் எல்லாம் முடிந்ததும் நமக்கு அலுத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அவர் செய்த காரியங்கள் யார் நினைவிலும் நிற்பதில்லை.

தஞ்சாவூரில் இருந்தபோதே அவர் ஐயரிடம் போய் ஞானஸ்நானம் கேட்டார். ஐயர் மறுத்துவிட்டார். காரணம், கல்யாணமாகாத அந்த உறவு. பிற்பாடு மணம் செய்துகொள்வதாக அதிகாரி வாக்குக் கொடுத்தார் என்றும் குறிப்பு இருக்கிறது. ஆனால் கல்யாணம் நடக்கவில்லை. அவர் இறந்துபோனார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிராமணக் குடும்பத்துக்கு இனி அவர் இல்லை. அன்றைய வழக்கப்படி வெள்ளைக்காரன் வீட்டில் இருந்தவளுக்கு அக்கிரகாரத்தில் திரும்பி வர வழியே கிடையாது. போய்ச் சேரலாம் என்று நினைத்த சபையும் கதவைச் சாத்திவிட்டது. இப்போது துணையாக இருந்த ஒரே மனிதரும் போய்விட்டார். சொந்த ஊர் தஞ்சாவூர், வீட்டுப் பேச்சு மராட்டி, இருப்பதோ தாமிரபரணிக் கரையில். இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் "போதும் சாமி உங்க மதம்" என்று விட்டிருப்பார்கள். நான் விட்டிருப்பேன்.

அவர் விடவில்லை. 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தபோது மறுபடியும் போய்க் கேட்டார். இத்தனை வருஷமும் ஒழுங்காக நடந்துகொண்டார் என்று தெரிந்து, அந்த பிப்ரவரியில் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயர். கிளாரிந்தா, க்ளாரிந்தா என்றும் எழுதுகிறார்கள். இத்தாலியக் கவி தாஸோவின் பழைய காவியம் ஒன்றில் இந்தப் பெயரில் ஒரு வீராங்கனை வருகிறாள், சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் கேட்டு வாங்குகிறவள். நம்ம குளோரிந்தாவுக்கு ஞானஸ்நானத்துக்குப் பிறகுதான் வேலையே ஆரம்பித்தது.

ஐயரின் மறுப்பு சரியா தவறா என்று எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு சாப்பாட்டு மேசையில் பெரிய விவாதமே நடந்தது. என் மனைவி ஐயர் பக்கம். விதி என்றால் எல்லோருக்கும் ஒன்றுதான், வசதியானவள் என்பதற்காக வளைத்திருந்தால் அதுதான் தப்பு என்றாள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த விதி யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். கல்யாணம் செய்யாமல் தள்ளிப்போட்டது அந்த அதிகாரி. வெளியே நிறுத்தப்பட்டது அந்த அம்மாள். இன்றும் நம் சபைகளில், ஊரிலும் சரி, வடக்கே நாம் கூடுகிற தமிழ் ஆராதனைகளிலும் சரி, இப்படித்தானே நடக்கிறது. பெண்ணின் கதையைத்தான் எல்லோரும் கிளறுகிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, 1780-ல், பாளையங்கோட்டை சபைக்கு ஒரு பதிவேடு எழுதப்பட்டது. மொத்தம் நாற்பது பேர். கால்டுவெல் ஐயர் 1881-ல் வெளியிட்ட திருநெல்வேலி மிஷன் பற்றிய ஆங்கிலப் புத்தகத்தில் இதைப் பற்றி விவரமாகச் சொல்லியிருக்கிறார். முதல் பெயர் குளோரிந்தா. அடுத்து அவருடைய வளர்ப்பு மகன், ஹென்றி லிட்டில்டன். அதற்கடுத்து வேலைக்காரி சாராள். பெயருக்குப் பக்கத்தில் சாதியும் குறிக்கப்பட்டிருக்கிறது. பல சாதிக்காரர்கள் அந்த நாற்பதுக்குள் இருந்தார்கள். அன்றைய திருநெல்வேலியில் வேறு எந்தக் கூரைக்குக் கீழும் சேர்ந்து உட்கார்ந்திருக்க முடியாதவர்கள் இவர்கள். சாதியை எழுதி வைத்தார்களே என்று கோபம் வருகிறது. எழுதி வைத்ததால்தான் யார் யார் சேர்ந்தார்கள் என்று நமக்குத் தெரிகிறது என்பதும் உண்மை.

ஏடு, பேரேடு என்றே காலம் தள்ளுகிற எனக்கு அந்த முதல் மூன்று பெயர்களின் வரிசையிலேயே விஷயம் இருப்பதாகத் தோன்றுகிறது. ஒரு வீடு அது. எஜமானி, வளர்ப்புப் பிள்ளை, வேலைக்காரி. அவருடைய ஊழியம் சந்தை மேடையில் ஆரம்பிக்கவில்லை, சொந்த வீட்டுக்குள் ஆரம்பித்தது. தனக்கு மூடிய கதவை அனுபவித்தவர், வேலைக்காரியைத் தனக்கு இரண்டு பெயர் தள்ளி அதே பட்டியலில் உட்கார வைத்துவிட்டார்.

நாற்பது பேரைச் சேர்த்தாயிற்று, போதிக்க ஆள் வேண்டுமே? பாளையங்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் வரை பயணம் போய், உபதேசியார் ஒருவரை அனுப்புங்கள் என்று ஐயரிடம் கேட்டார். ரயில் இல்லை. ஒழுங்கான சாலை இல்லை. பாளையக்காரர்களும் நவாபும் கும்பெனியும் மாறி மாறிச் சண்டையிட்ட காலம், வடக்கே ஹைதர் அலியோடு யுத்தம். சும்மா போய்விட்டு வருகிற தூரம் இல்லை அது.

அடுத்து கோயில். சுண்ணாம்பும் கல்லும் வைத்து ஒரு சிறிய ஜெபாலயம் கட்ட ஆரம்பித்தார். தன் பணத்தோடு, சில ஆங்கிலேயர்களிடம் கேட்டு வாங்கிய உதவியும் சேர்த்து வேலையை முடித்தார். 1785-ல் சுவார்ட்ஸ் ஐயர் மறுபடி வந்து அதைப் பிரதிஷ்டை செய்தார். ஒரு காலத்தில் "உனக்கு ஞானஸ்நானம் தர முடியாது" என்று சொன்னவர், அதே பெண் கட்டிய கோயிலில் நின்று ஆராதனை நடத்துகிறார். இருவரும் அன்று என்ன பேசிக்கொண்டார்களோ!

அந்தக் கோயில் பாளையங்கோட்டையில் இன்றும் இருக்கிறது. பெரிய கதீட்ரலைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தால் "இவ்வளவுதானா" என்றுதான் தோன்றும். ஊர் வழக்கில் அதற்குப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பெயர். ஞானஸ்நானத்தில் வாங்கிய புதுப் பெயர் ஏட்டில் இருக்கிறது. ஜனங்கள் வாயில் நின்றது, அவரைத் தள்ளிவிட்ட சாதியின் பெயர்! அவர் கேட்டிருந்தால் சிரித்திருப்பாரோ, வருந்தியிருப்பாரோ.

அவர் கேட்டபடியே உபதேசிமார் வந்தார்கள். அவர்களில் சத்தியநாதன் முக்கியமானவர். 1790-ல் தஞ்சாவூரில் அவருக்குக் குருப்பட்டம் கொடுத்தார்கள். அதன்பின் கதை வேகமாக ஓடுகிறது. சாத்தான்குளம் பக்கத்துக் காலங்குடியிலிருந்து வீட்டைவிட்டுப் புறப்பட்டு, தஞ்சாவூர் போய்க் கிறிஸ்தவரான தாவீது சுந்தரானந்தம், சத்தியநாதனுக்கு உதவியாளாகச் சொந்தச் சீமைக்கே திரும்பி வந்தார். அவர் தன் ஜனங்களிடம் பேசியதில் தேரிக்காட்டுப் பனங்காட்டுக் கிராமங்களில் சபை பரவியது. 1799-ல் 28 பேரோடு உண்டான குடியிருப்புக்கு முதலூர் என்று பெயர் வைத்தார்கள். 1802-ல் கெரிக்கே ஐயர் சுற்றி வந்தபோது ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம். இத்தனைக்கும் வழி போட்டது, தஞ்சாவூருக்குப் போய் ஆள் கேட்ட அந்தப் பயணம்தான். ஆனால் எண்ணிக்கை என்று வரும்போது நம்மவர்கள் 1802-லிருந்து எண்ண ஆரம்பித்துவிடுகிறார்கள்.

1903-ல் பாளையங்கோட்டையிலேயே, வெளிநாட்டுப் பணம் இல்லாமல் உள்ளூர்க் காணிக்கையில் நடக்க வேண்டும் என்று இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பமானது. முன்னின்றவர் வெள்ளாளன்விளை அசரியா. அவர்கள் ஆள் அனுப்பிய இடம் ஹைதராபாத் நிஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கல். வேற்று மொழி, வேற்று ஊர். தஞ்சாவூர்க்காரி ஒருவர் திருநெல்வேலிக்கு வந்து செய்ததை, நூற்றிருபது வருஷம் கழித்துத் திருநெல்வேலிக்காரர்கள் தெலுங்கு நாட்டில் போய்ச் செய்தார்கள். இதில் யார் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள் என்றெல்லாம் நான் கயிறு திரிக்கவில்லை. ஆனால் சபைக்குக் குருவுக்கு முன்னால் ஒரு வீடு போதும் என்ற எண்ணம் அந்த ஊர் மண்ணில் இருந்திருக்கிறது.

அந்த ஆரம்ப காலத்து சபையில் தேவசகாயம் என்ற புலவரும் இருந்தார். அவருடைய மகனைப் பாளையங்கோட்டைக்கு வந்த சுவார்ட்ஸ் ஐயர் பார்த்து, கெட்டிக்காரன் என்று தெரிந்து, படிக்க வைக்கத் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனார். போகும்போது பையனுக்கு வயது பன்னிரண்டு. பெயர் வேதநாயகம். பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் அவர்தான். மும்பையிலும் தில்லியிலும் நம் தமிழ் ஆராதனைகளில் கீர்த்தனைப் புத்தகத்தை விரித்தால் அவர் பாட்டு இல்லாத ஞாயிறு குறைவு.