கைவினைக் கள்

பியர் ருசிபார்க்கும் கூட்டம் எந்த ஊரில் நடந்தாலும் 'இந்தியா பேல் ஏல்' கதை வந்தே தீரும். பலெர்மோவில் பல்லரோ சந்தையை ஒட்டிய சந்து ஒன்றில், யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவருடன் அப்படியொரு கூட்டத்தில் போன வருடம் உட்கார்ந்திருந்தேன். ஆறு குவளைகள். தொட்டுக்கொள்ள, கடலைமாவில் பொரித்த பனெல்லெ. மூன்றாவது குவளையை நிரப்பும்போது கடைக்காரர் ஆரம்பித்தார்: இந்தியாவுக்கு அனுப்பிய பியர் எல்லாம் கப்பலிலேயே கெட்டுப்போனதாம், ஆங்கிலேயர் ஹாப் பூவை அள்ளிப் போட்டுப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்களாம். எங்கள் இருவரையும் பார்த்து, "உங்களுக்காகச் செய்த பியர்" என்றார்.

கதையில் பாதி சரி. லண்டனின் போ பகுதியில் ஹாட்ஜ்சன் குடும்பம் நடத்திய ஆலை, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல் அதிகாரிகளுக்குப் பியர் விற்றது. அவர்கள் அதைக் கல்கத்தாவிலும் சென்னையிலும் இறக்கி லாபம் பார்த்தார்கள். நீண்ட பயணத்துக்காக ஹாப் கூடுதலாகச் சேர்ந்ததும் உண்மை. ஆனால் யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை; அந்த வெளிர் நிறப் பியர் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்ததுதான். கறுப்புப் போர்ட்டரும் அதே கப்பல்களில் கெடாமல் வந்து சேர்ந்தது, சிப்பாய்கள் அதைத்தான் அதிகம் குடித்தார்கள். 'ஈஸ்ட் இந்தியா பேல் ஏல்' என்ற பெயர் 1829இல் அச்சில் வந்திருக்கிறது, அதுவும் சிட்னிப் பத்திரிகை விளம்பரம் ஒன்றில். பெயரில்தான் இந்தியா. குடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள்.

இலங்கையிலும் இதே கணக்குத்தான். நுவரெலியாவில் 1881இல் சிலோன் புரூவரி வந்தது. அதிலிருந்து வளர்ந்த லயன் ஸ்டவுட், 8 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்துள்ள கறுப்புப் பியர், இன்று வெளிநாட்டு ரசிகர்கள் தேடி வாங்கும் சரக்கு. ஆலையைச் சுற்றிலும் தேயிலை மலைகள், அவற்றில் கொழுந்து பறித்தவர்கள் மலையகத் தமிழர். குளிரூர்ப் பியர் துரைமார் பங்களாவுக்குப் போனது, லயத்துக்காரருக்கு எட்டியது தவறணைக் கள்ளும் சாராயமும்.

அப்படியானால் தமிழர் தமக்காகக் காய்ச்சிய பியர் என்று ஒன்று உண்டா? உண்டு. செய்முறையோடு உண்டு. காஞ்சித் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், பெரும்பாணாற்றுப்படையில் வலைஞர் குடியிருப்புக்கு வரும் இடத்தில் அதை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற பிழாவில் ஆறவைக்கிறார்கள். அதில் நல்ல அடையைக் கலக்கிறார்கள். உரைகாரர்கள் இதை இடித்த நெல்முளை என்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். சுட்ட மீனோடு பாணனுக்குத் தருகிறார்கள்.

இதில் உயிரான சரக்கு அந்த முளைதான். அரிசியின் மாவுச்சத்தை ஈஸ்ட் நேரடியாகத் தின்னாது, யாராவது அதைச் சர்க்கரையாக்கிக் கொடுக்க வேண்டும். தானியம் முளைவிடும்போது அதற்கான நொதிகள் அதனுள்ளேயே பிறக்கின்றன. ஜப்பானியர் சாக்கே செய்ய இந்த வேலையைப் பூஞ்சையிடம் விட்டார்கள். ஐரோப்பியர் வாற்கோதுமை முளையிடம் விட்டார்கள், அதைத்தான் மால்ட் என்கிறோம். வலைஞர் வீட்டுப் பெண்கள் நெல்முளையிடம் விட்டிருக்கிறார்கள். ஆக அந்தச் சாடியில் இருந்தது பியர். 'பீர் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது' என்று மேடையில் முழங்குபவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது.

ஐந்தாவது குவளையில் வந்தது புளிப்புப் பியர். பிரஸ்ஸல்ஸ் பக்கத்து லாம்பிக் பாணியில், வளர்த்த ஈஸ்ட் எதையும் சேர்க்காமல், கொதித்த கஞ்சியைத் திறந்த தொட்டியில் ஆறவிட்டுக் காற்றில் வரும் நுண்ணுயிர்களிடமே ஒப்படைத்துச் செய்தது. நண்பர் ஒரு வாய் குடித்தார். குவளையை வைக்காமலே, "இது புளிச்ச கள்ளெல்லே!" என்றார்.

பனங்கள்ளுக்கு முளையும் வேண்டாம், ஈஸ்ட் வாங்கவும் வேண்டாம். பதநீரில் சர்க்கரை தயாராகவே இருக்கிறது. பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவிவிட்டு, முட்டியைக் கட்டுகிறார்கள். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், யாழ்ப்பாணத்தில் கருப்பநீர். தடவாவிட்டால் முட்டியிலும் காற்றிலும் இருக்கும் உயிர்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் 4, 5 சதவீதக் கள். விடிய இறக்கியது அந்திக்குள் புளித்துவிடும். எவ்வளவு சீவுவது, எப்போது தட்டுவதை நிறுத்துவது என்பதெல்லாம் கைப்பழக்கம். அளவுக்கு மேல் சீவினால் பாளை வீணாகும்.

நண்பர் கடைக்காரரிடம் இத்தாலிய மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கினார். 'நோன்னோ' என்ற சொல் காதில் விழுந்தது, தாத்தா. அவருடைய அப்பப்பா சீவல் தொழிலாளி. பத்து வருடப் பழக்கத்தில் அவர் இதை என்னிடம் சொன்னதில்லை. கடைக்காரர் போத்தலை மேசையில் வைத்துவிட்டு அருகே உட்கார்ந்து கேள்வி கேட்க ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு எத்தனை மரம்? கத்தி எப்படி இருக்கும்? இரண்டு பாளையின் கள்ளுக்கும் ருசி வேறுபடுமா? நண்பர் கையை அசைத்து அசைத்துச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்தபின் நான் தமிழில் கேட்டதற்கு, "ஓம், அவர் மரமேறினவர்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த மேசையில் வடமராட்சிக்காரர் ஒருவர் இருந்திருந்தால் அவர் வாயைத் திறந்திருப்பாரா என்று தெரியவில்லை. யாழ்ப்பாணத்தில் சீவல் தொழில் பெரும்பாலும் நளவர், பள்ளர் சமூகங்களின் தோளில் இருந்தது. அவர்கள் இறக்கிய கள்ளைப் பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடித்தவர்கள், அவர்களுக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தார்கள், கோயில் வாசலை அடைத்தார்கள். (சங்கப் பாட்டின் பிழாவும் இந்தப் பிளாவும் என் காதுக்கு ஒரே சொல்லாகவே கேட்கின்றன.) 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் நிலைமை அசையவில்லை. 1966 அக்டோபர் 21 சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் நடந்த போராட்டம் என்று தெருவில்தான் அசைந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. எழுபதுகளில் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகி, தவறணைக் குத்தகைக்காரர் கையிலிருந்த விற்பனை அவர்கள் கைக்கு வந்தது. என் பார்வையில் யாழ்ப்பாணக் கள்ளின் சரித்திரத்தில் பெரிய நிகழ்ச்சி அதுதான்.

தமிழ்நாட்டுக் கதை வேறு வழியில் போனது. 1886இன் சென்னை அப்காரிச் சட்டம் மரத்தையும் முட்டியையும் வருவாய்த் துறையின் பதிவேட்டில் ஏற்றியது. கள் அரசாங்கத்தின் வருமானம் ஆனதால், அதை எதிர்ப்பது அரசாங்கத்தை எதிர்ப்பதாகவும் ஆனது. 1921இல் பெரியார் தம் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும், நாகம்மையாரும் கண்ணம்மாளும் ஈரோட்டில் மறியல் செய்ததும் அந்தச் சூட்டில்தான். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். பின்னர் விலக்கு வந்தது, போனது, மறுபடி வந்தது. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 1987இல் கள் இறக்கத் தடை வந்தது. இன்று அரசுக் கடையில் ஆலைப் பீர் சட்டப்படி கிடைக்கும், பனையில் முட்டி கட்டிக் கள் இறக்கினால் வழக்கு. குடியால் அழிந்த வீடுகளைப் பார்த்தவன்தான் நான், மதுவிலக்கு கேட்ட பெண்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் 42 சதவீதப் பிராந்தியை விற்றுக்கொண்டு 5 சதவீதக் கள்ளைத் தடுப்பதற்கு உடல்நலத்தைக் காரணம் காட்டுவதை நம்ப முடியவில்லை.

இத்தாலியில் 'பிர்ரா ஆர்த்திஜனாலெ', அதாவது கைவினைப் பியர், என்று சிட்டையில் போட 2016ஆம் ஆண்டின் 154ஆம் எண் சட்டம் நிபந்தனை வைத்திருக்கிறது. ஆலை சிறியதாக, யாருக்கும் கட்டுப்படாததாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு 2,00,000 ஹெக்டோலிட்டருக்கு மேல் போகக்கூடாது. பியரைச் சூடாக்கிக் கிருமி நீக்கக்கூடாது, நுண்வடிகட்டியில் விடக்கூடாது. யாழ்ப்பாணத்திலிருந்து போத்தலில் அடைத்து நம் கடைகளுக்கு வரும் கள், நொதிப்பை நிறுத்துவதற்காகச் சூடாக்கப்பட்டது. இந்த அளவுகோலில் அது தேறாது. தேறக்கூடியது, விடிய இறக்கி மரத்தடியில் பிளாவில் ஊற்றுகிற கள் ஒன்றுதான்.