தலைமன்னாரில் தொடங்கும் கணக்கு

இலங்கைத் தோட்டத் தொழிலாளர் தலைவர் கோ. நடேசய்யரை எல்லோரும் மலையக நகரான ஹட்டனில்தான் தேடுவார்கள். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அவர் தொடங்கியது அங்கே. 1936இல் அரசாங்க சபைக்குப் போனதும் அந்தத் தொகுதியிலிருந்தே. என்னை உறுத்திய கேள்வி வேறு. தோட்டத்துரையோடு மட்டும் மோதாமல், ஊரிலிருந்து ஆள் திரட்டி வந்த, தொழிலாளியின் ஊர்க்காரரான பெரிய கங்காணியையும் அவர் ஏன் அவ்வளவு கடுமையாகத் தாக்கினார்?

சாரல்நாடன் எழுதிய ‘தேசபக்தன் கோ. நடேசய்யர்’ நூலைப் பிடித்துக்கொண்டு தொடங்கினேன். வெளியார் நுழைய முடியாத தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குள் துணி வியாபாரியாக வேடமிட்டுப் போனவர், 1920களில் ‘தேசபக்தன்’ பத்திரிகை நடத்தியவர், தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்காவோடு சேர்ந்து நின்று பிறகு பிரிந்தவர் என்ற செய்திகள் பலருக்கும் தெரிந்தவை. துப்பு கிடைத்தது அவருடைய நூல்களின் பட்டியலில். தொழிலாளர் சட்டம், நாடகம் என்று போகும் வரிசையில் ஒன்று: ‘கணக்குப் பதிவு நூல்’. தஞ்சாவூரில் ‘வர்த்தக மித்திரன்’ பத்திரிகை நடத்திய மனிதர். பேரேடு படிக்கத் தெரிந்தவர்.

அப்படியானால் தொழிலாளியின் பற்று எந்த இடத்தில் எழுதப்பட்டது? அந்தக் கேள்விதான் என்னை மன்னாருக்குக் கொண்டுவந்தது.

19ஆம் நூற்றாண்டில் தலைமன்னாரிலும் அரிப்பிலும் தோணியிலிருந்து இறங்கியவர்கள் மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். வாந்திபேதியில் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். காலப்போக்கில் நடை நின்றது; 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் ரயிலும் வந்தன. கடன் நிற்கவில்லை. ஊரில் கொடுத்த முன்பணம், வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் கங்காணியின் கணக்கில் ஆளின் பெயரில் ஏறின. இறந்தவரின் கடனை உறவினர் தலையில் கட்டியதும் உண்டு. கொழுந்து ஒன்று கிள்ளும் முன்பே, கரையிறங்கிய அன்றே, தொழிலாளி கடனாளி.

தோட்டம் மாறுவதற்கும் அந்தக் கடனே விலை. ‘துண்டு’ என்ற சீட்டில் தொகை குறிக்கப்படும். புதிய தோட்டம் அதைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்ளும். ஆளை விற்கும் சீட்டு என்றே இதைச் சொல்வேன். 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டை ஒழித்தது. கங்காணியின் பிடி மட்டும் விடவில்லை. 1930களில் கூலி வெட்டப்பட்டபோது நடேசய்யரும், மேடைகளில் பாடி ஆள் திரட்டிய அவர் மனைவி மீனாட்சியம்மையும் எதிர்த்து நின்றது இந்தக் கணக்கைத்தான் என்பது என் முடிபு.

நடேசய்யர் 1947 நவம்பர் 7இல் மறைந்தார். அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்து அந்தத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. சட்டசபை விவாதங்கள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. கங்காணிமாரின் பேரேடுகளுக்கு அப்படியொரு காவல் இல்லை. பழைய பெட்டிகளில் அவற்றை வைத்திருக்கும் குடும்பங்கள் தயவுசெய்து கடதாசிக் கடைக்குப் போடாதீர்கள். ஒருமுறை படியெடுக்கக் கொடுங்கள்.