சிசி பாத்து மயங்காதீங்க - தாவும் குவாட் பைக்கின் கதை

குவாட் பைக் வாங்கப் போற யாரா இருந்தாலும் முதல்ல கேக்குறது "எத்தனை சிசி?"ங்கறதுதான். ஆனா மண்மேட்டுல ஏத்தித் தாவறதுக்குன்னா அது மூணாவது கேள்வியாத்தான் இருக்கணும். முதல் ரெண்டு: சஸ்பென்ஷன் எவ்வளவு அமுங்கும்? வண்டி எவ்வளவு அகலம்? இந்தப் பாடத்தைக் கத்துக்க அமெரிக்காவுல கிட்டத்தட்ட நாப்பது வருஷம் ஆச்சு. நடுவுல நிறைய பேருக்கு எலும்பும் முறிஞ்சது. கொஞ்சம் பழைய கதையிலிருந்து வருவோம்.

1970-ல் ஹோண்டா அமெரிக்காவுல ஒரு மூணு சக்கர வண்டியை இறக்குச்சு. ஒசாமு டகேயுச்சின்னு ஒரு எஞ்சினியர் வடிவமைச்சது. குளிர்காலத்துல பைக் விக்காம ஈ ஓட்டிக்கிட்டிருந்த டீலர்களுக்கு விக்க ஏதாவது வேணுமே, அதுக்குத்தான். இதுல சஸ்பென்ஷனே கிடையாது. பலூன் மாதிரி கொழுத்த டயர்தான் ஸ்பிரிங். டயர் அமுங்கும், சரி. எழும்புற துள்ளலை அடக்க யார் இருக்கா? மாடியிலிருந்து போட்ட ரப்பர் பந்து கதைதான் :-)

1981-ல் வந்த ஹோண்டா ஏடிசி 250ஆர்-ல முன்னாடி, பின்னாடி ரெண்டு பக்கமும் சஸ்பென்ஷன் வந்துச்சு. ஜனங்க தைரியமா தாவினாங்க. ஆனா முன்னாடி ஒத்தைச் சக்கரம். கொஞ்சம் கோணலா இறங்கினா தாங்கிப் பிடிக்க மறுபக்கம் ஒண்ணுமில்லை. வண்டி மேல, ஆள் கீழ!

1982-ல் சுசுகி நாலு சக்கர வண்டியைக் கொண்டு வந்துச்சு. அது சாதுவான வண்டி. 1985-ல் அதே சுசுகியோட குவாட்ரேசர் 250, 1986-ல் ஹோண்டா டிஆர்எக்ஸ் 250ஆர், 1987-ல் கவாசாகி டெகாட்டே-4ன்னு நிஜமான தாவும் வண்டிகள் வரிசையா வந்துச்சு. பொற்காலம்னே சொல்லலாம்.

ரொம்ப நாள் நீடிக்கலை. விபத்துகள் குவிஞ்சதால அமெரிக்க அரசு கோர்ட்டுக்குப் போச்சு. 1988 ஏப்ரல்ல கோர்ட் ஒப்புதலோட பத்து வருஷ ஒப்பந்தம் ஒண்ணு அமலுக்கு வந்துச்சு. மூணு சக்கர வண்டி விக்கக் கூடாது; 90 சிசிக்கு மேல உள்ளதை 16 வயசுக்குக் கீழ உள்ளவங்களுக்குன்னு விக்கக் கூடாது. நாலு சக்கரத்துக்குத் தடை இல்லைதான். ஆனாலும் வழக்கு பயம், சரிஞ்ச விற்பனை... டெகாட்டே 1988-லயும், 250ஆர் 1989-லயும், குவாட்ரேசர் 1992-லயும் நின்னு போச்சு.

இங்கதான் எனக்குப் பிடிச்ச கட்டம். ரேஸ் ஓட்டுறவங்க விடலை. நின்னு போன 250ஆர்-க்கு அகலமான ஏ-ஆர்ம், நீளமான ஷாக், புது ஃப்ரேம்னு மாத்தி மாத்திப் போட்டு பத்து வருஷத்துக்கு மேல தாவினாங்க. கம்பெனி கைவிட்ட சாஃப்ட்வேருக்கு யூசர்களே பேட்ச் எழுதின மாதிரி! எஞ்சினை விட அகலமும் சஸ்பென்ஷனும்தான் முக்கியம்னு நிரூபிச்சது அவங்கதான்.

கம்பெனிகள் மெதுவாத்தான் திரும்பி வந்துச்சு. 1999-ல் ஹோண்டா 400இஎக்ஸ். 2004 மாடலா யமஹா ஒய்எஃப்இசட் 450. 2009 மாடலா ஒய்எஃப்இசட் 450ஆர். பட்டறையில ரேஸ்காரங்க செஞ்சதை ஃபேக்டரியே செஞ்சு தந்துச்சு. அகலத்தைப் பாருங்க: 1987-ல் வந்த யமஹா பான்ஷீ சுமார் 43 இன்ச், 2004 வண்டி 46, 450ஆர் கிட்டத்தட்ட 49. 450ஆர் சஸ்பென்ஷன் முன்னாடி 9.8 இன்ச், பின்னாடி 11 இன்ச் அமுங்கும்.

இந்த இன்ச் கணக்கு ஏன் முக்கியம்? பிளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். 2 மீட்டர் உயரத்துலேர்ந்து சமதரையில விழுற வண்டியை 10 சென்டிமீட்டர்ல நிறுத்தினா, சராசரி விசை எடையைப் போல 21 மடங்கு. 25 சென்டிமீட்டர்ல நிறுத்தினா 9 மடங்கு. தோராயக் கணக்குதான், ஆனா உங்க முதுகெலும்புக்கு வித்தியாசம் நல்லாவே தெரியும்.

என் டீம்ல ஒருத்தர் செகண்ட் ஹாண்ட் பான்ஷீ ஒண்ணைப் பாத்து வெச்சுருக்கார், தாவறதுக்காம். 347 சிசி, ரெண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அந்தச் சத்தத்துக்கு யாரும் மயங்குவாங்க. மணல்மேட்டுல நேரா ஏறிப் பறக்க அது ராஜா. தாவி இறங்க இல்லை, குறுகல்.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்றேன். காசு இருந்தா 450ஆர். இல்லைன்னா பழைய 400இஎக்ஸ் வாங்கி, மிச்சக் காசை ஏ-ஆர்ம், ஷாக்ல போடுங்க. காட்டுப் பாதையிலயும் ஓட்டணும்னா, அங்க பல இடத்துல 50 இன்ச்தான் உச்சவரம்பு, அளந்துட்டுப் போங்க. மூணு சக்கரம் சும்மா குடுத்தாலும் வேணாம். அதோட ஹெல்மெட்டுக்கும் முதுகுக் கவசத்துக்கும் தனியா பட்ஜெட் ஒதுக்குங்க. எந்த ஷாக்கும் கழுத்தைக் காப்பாத்தாது.