கொம்பெசியொனாயரும் நிறைவான பாவ அறிக்கையும்

ராசபாளையம், சீவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் வாழும் கத்தோலிக்க முதியோர் 'பாவசங்கீர்த்தனம்' என்று வழங்குவதனை இன்றைய வழிபாட்டு நூல்கள் 'ஒப்புரவு அருட்சாதனம்' என்கின்றன. இவ்விரு பெயர்களுக்கும் அப்பால், தமிழ் அச்சேறிய தொடக்க நாளில் வழங்கிய சொல்லொன்று உண்டு. 1580ஆம் ஆண்டு கொச்சியில் அச்சான 'கொம்பெசியொனாயரு' என்னும் நூலின் பெயரிலேயே அதனைக் காண்கின்றோம். போர்த்துகீசியச் சொல்லைத் தமிழ் நெடுங்கணக்கினுள் அடக்க முயன்றதன் விளைவு அது. நாவிற்கு இனிதன்று, ஆராய்வார்க்கு இனிது.

நூலை இயற்றியவர் என்றிக்கே என்றீக்கசு அடிகளார் (1520–1600). 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' ஆகியவற்றை அச்சிட்ட அவர், அடுத்த ஆண்டே இதனை வெளியிட்டமை ஏன்?

விடை திரெந்து சங்கத்தின் 1551ஆம் ஆண்டு முடிபில் உள்ளது. மனத்துயர், வாயால் அறிக்கையிடல், பரிகாரம் என்னும் மூன்றும் பாவியின் கடன். தன் உள்ளத்தை ஆராய்ந்து கண்ட சாவான பாவங்கள் அனைத்தையும் வகையும் தொகையும் தோன்ற உரைத்தல் வேண்டும். மறந்துபோனவை மன்னிப்பில் அடங்கும். அறிந்தே மறைத்த ஒன்று அறிக்கை முழுவதையும் பயனற்றதாக்கும். குரு நடுவராக இருந்து தீர்ப்பளிப்பவராதலின், வழக்கை அறியாது தீர்ப்புக் கூறல் இயலாது.

இனி, முத்துக்குளித்துறையை நோக்குவோம். பரதவர் 1535 முதல் சில ஆண்டுகளில் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றனர். குருமாரோ தமிழறியார். இடையே துபாசி நின்றான். தன் ஊரானொருவன் செவியில் விழத் தன் குற்றத்தைக் கூறுவார் யார்? கூறினும், எத்துணை முறை, எவ்வகை என்பன மொழிபெயர்ப்பில் நிலைத்தனவோ? இரகசியம் காத்தலைக் குருவிற்கு 1215ஆம் ஆண்டின் இலாத்தரன் சங்கமே கடுமையாக விதித்திருந்தது. ஆயினும் நாணம் விதியால் நீங்குவதன்று. 1917, 1983ஆம் ஆண்டுகளின் திருச்சபைச் சட்டத் தொகுப்புகளும் மொழிபெயர்ப்பாளர் வழி அறிக்கையிடுதலைத் தடுக்கவில்லை, கட்டாயமாக்கவுமில்லை. இதனுள் ஒரு மனிதவியல் நுட்பம் அடங்கியுள்ளது என்பது எம் கருத்து.

என்றீக்கசு துபாசியை நம்பியிராது தாமே தமிழ் கற்றார்; கற்றதைப் பிற குருமாருக்கும் பயன்படுமாறு அச்சில் வைத்தார். குரு கேட்க வேண்டிய வினாக்களும் மக்கள் அறிய வேண்டிய முறையும் மக்களின் மொழியிலேயே அமைந்தன. எனவே இந்நூலைப் பக்தி நூலென்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பாவி தன் சொல்லால் தன்னைக் கூறிக்கொள்ள வழிவகுத்த நூல் இது.

சீவில்லிபுத்தூர் அடங்கிய மதுரை நாயக்கர் நாட்டில் நிலை வேறு. 1606இல் மதுரை வந்த தத்துவ போதகர் தம்மைப் பறங்கியரென்று எண்ணாதவாறு நடந்தார். கடற்கரையின் போர்த்துகீசியச் சொற்கள் அவருக்கு ஏலா. உள்நாட்டு மறைநூல்களில் வடசொற்கள் மிகுந்தமைக்கு இஃதொரு காரணம். பாவசங்கீர்த்தனம் என்னும் சொல்லும் அச்சூழலுக்கு ஒத்ததே.

கொம்பெசியொனாயருவின் படிகளுள் நாம் அறிந்த ஒன்று, ஆக்சுபோர்டு நகரத்துப் போதுலியன் நூலகத்தில் உள்ளது.