வீணான படத்துக்கு யார் காசு கொடுத்தது?

கேமராவின் வரலாறு என்றால் எந்த ஆண்டில் எந்த லென்ஸ் வந்தது, எந்தக் கம்பெனி முந்தியது என்றுதான் எழுதுவார்கள். கீரப்பாளையத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற எனக்கு அதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாகப் படுகிறது: சரியாக வராமல் போன படத்துக்கு யார் காசு கொடுத்தது? அந்த நஷ்டத்தைத் தாங்கக்கூடியவர் கையில்தான் கேமரா இருந்திருக்கிறது. தாங்குகிற ஆள் மாறும்போதெல்லாம் நம் பக்கத்துப் படங்களும் மாறியிருக்கின்றன.

முதலில் தாங்கியது சர்க்கார். சென்னை மாகாணம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ கேப்டனை அதிகாரபூர்வப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 முடிவில் பெங்களூரிலிருந்து மாட்டுவண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியவர் ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றினார். மெழுகேற்றிய தாளில் நெகட்டிவ். படம் எந்த அளவில் வேண்டுமோ அதே அளவில் நெகட்டிவும் இருக்க வேண்டும், அதனால் கேமராவே ஒரு பெட்டகம். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். இன்று பனோரமா என்று போனை நகர்த்துகிறோமே, அதுதான். ஆனால் 1859இல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கஜானா இருக்கும் நிலையில் புகைப்படம் ஓர் ஆடம்பரம் என்று முடிவுகட்டி அந்த வேலையையே மூடிவிட்டார். காசு நின்றது, படமும் நின்றது.

சிதம்பரத்துக்கு வருவோம். நடராசர் கோயில் கோபுர வாயில்களில் செதுக்கியிருக்கும் ஆட்டக் கரணச் சிற்பங்களின் படங்கள் 1914ஆம் ஆண்டு அரசுக் கல்வெட்டு அறிக்கையில் வந்தன. பிறகு 1936இல் ‘தாண்டவ லக்ஷணம்’ என்ற ஆங்கில நூல் அந்தக் கரணங்களைப் படங்களோடு விளக்கியது. அதன் ஆசிரியர்களில் ஒருவரான பி.வி. நாராயணசாமி நாயுடு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர் ஆட்டக் கரணங்களில் மூழ்கியிருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம். பொழுதுபோக்கு என்பது அப்படித்தான், தொழிலுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் முளைக்கும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்துவந்தது. இன்று அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. இவையெல்லாம் அரசாங்கமும் நிறுவனங்களும் செலவைத் தாங்கிய காலத்துப் படங்கள்.

தனி மனிதனுக்கு இருந்தது ஸ்டுடியோதான். கீரப்பாளையத்திலிருந்து சிதம்பரத்துக்கு பஸ் ஏறி, தேர்வீதிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் திரைக்கு முன்னால் நின்றுவிட்டு வருவார்கள். கண்ணை மூடிவிட்டால் இன்னொரு பிளேட் போடவேண்டியது ஸ்டுடியோக்காரர் பொறுப்பு. அதனால்தான் அந்தக் காலத்துப் படங்களில் எல்லோரும் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். “ஆடாதீங்க, மூச்ச அடக்குங்க” என்று அவர் அதட்டியது கலைக்காக இல்லை, கணக்குக்காக.

கேமரா வீட்டுக்குள் வந்தது ஆக்ஃபா கிளிக் 3 மூலமாக. வடோதராவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. 120 ரோல் போட்டால் பன்னிரண்டு சதுரப் படம். வெயிலுக்கு ஒரு நிலை, மேகத்துக்கு ஒரு நிலை, அவ்வளவுதான். ஊட்டியில் 1960இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 முதல் ‘இந்து’ பிலிமைத் தயாரித்தது. மலையில் செய்த பிலிமைச் சமவெளியில் கழுவினோம். என் பெரியப்பா மகனிடம் ஒரு கிளிக் 3 இருந்தது. மார்கழித் தேருக்கு அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கீழவீதிக்குப் போவோம். சிதம்பரத்தில் மூலவரே உற்சவராகத் தேரேறுவது மார்கழித் திருவாதிரைக்கும் ஆனித் திருமஞ்சனத்துக்கும்தான். உள்ளே படமெடுக்க முடியாத சுவாமி வீதிக்கு வரும் நாள் அது. ஒரு ரோல்தான் கையில். தேர் நிலையிலிருந்து கிளம்பும்போது ஒன்று, திரும்பும் முனையில் ஒன்று என்று முன்கூட்டியே பங்கு போட்டுவைப்போம். கழுவின பிறகு ஸ்டுடியோக்காரர் நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “இதுல மூணுதான் தம்பி தேறும், மூணுக்கு மட்டும் பிரிண்ட் போட்டுக்க” என்பார். மீதிக்கான காசு அண்ணனுடையது. கைச்செலவுக்கு வைத்திருந்ததுதான்.

எண்பதுகளில் 35 எம்.எம். பழகியது. பல்கலைக்கழகத்தில் வேலைபார்த்த ஒருவரிடம் சோவியத் ஜெனித் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். 58 எம்.எம். ஹீலியோஸ் லென்ஸ் அதோடு வந்தது. கையில் வைத்தால் கதிர் அரிவாள் கனம். கலர் லேப் வந்ததும் பிலிமைக் காலையில் கொடுத்துச் சாயங்காலம் வாங்கலாம் என்று ஆயிற்று, ஆனால் முப்பத்தாறுக்கும் பிரிண்ட் போட்டுத்தான் தருவார்கள். தேறாததற்கும் சேர்த்துக் காசு. சம்பளக்காரர்களின் பொழுதுபோக்காக அது மாறியது அப்போதுதான். 1993இல் தேர்தல் கமிஷன் வாக்காளர் அடையாள அட்டைக்குப் படம் வேண்டும் என்று உத்தரவிட்டது. எங்கள் ஊரில் நாற்று நடுகிற பல பெண்களுக்குத் தனியாக நின்று எடுத்த முதல் படம் அதுதான். மறுபடியும் சர்க்கார் காசு.

டிஜிட்டல் வந்து அந்தக் கணக்கை ஒரேயடியாக அழித்தது. 2003, 2004இல் கேனன் 300டி, நிக்கான் டி70 வந்தபோது எடுக்கும் படத்துக்கு விலை இல்லை என்றாயிற்று. மிரர்லெஸ் அதற்கு அடுத்த படி. பழைய எஸ்.எல்.ஆரில் லென்ஸ் வழியாக வரும் ஒளியை ஒரு கண்ணாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி ‘டப்’ என்று எழும்பி வழிவிடும். 2008இல் பானாசோனிக் ஜி1 அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, சென்சார் பார்ப்பதையே சின்னத் திரையில் காட்டியது. 2013இல் சோனி ஆல்ஃபா 7 முழு அளவுச் சென்சாரோடு வந்தது. கேனனும் நிக்கானும் 2018இல்தான் முழு மனதோடு இறங்கின.

இதனால் கீரப்பாளையத்துக்கு என்ன? ஞாயிற்றுக்கிழமை காலையில் சேத்தியாத்தோப்பு சாலை டீக்கடையில் கூடும் எங்கள் நான்கைந்து பேரைக் கேளுங்கள். சம்பாவுக்கு உழவு ஓட்டும்போது டிராக்டர் பின்னால் கொக்குக் கூட்டம் நடந்துவரும், ஓரமாக நத்தைகுத்தி நாரை நிற்கும். புதுக் கேமரா பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும். ஒற்றை மீன்கொத்தி என்றால் அபாரம். நாற்பது கொக்கு என்றால் எந்தக் கண் என்று அதற்கே குழப்பம், ஃபோகஸ் பெட்டியைச் சின்னதாக்கி நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். எங்களில் இளையவர் ஒருவர் கேனனின் 100-400 லென்ஸ் வைத்திருக்கிறார். எடை 635 கிராம்தான், வீராணம் ஏரிக்கரை நெடுக நடந்தாலும் தோள் வலிக்காது. ஆனால் முழு ஜூமில் எஃப் 8தான் திறக்கும், வெளிச்சம் குறைவாகத்தான் உள்ளே வரும். “வெயில் ஏறுற வரைக்கும் இது தூங்குது சார்” என்பார்.

சத்தமில்லாத ஷட்டர் இன்னொரு வரம். 1981 முதல் சிவராத்திரியை ஒட்டி நடக்கும் சிதம்பரம் நாட்டியாஞ்சலி விழாவில், ஜதி நிற்கும் அந்த ஒரு கணத்தில் முன்வரிசையில் ‘டப் டப்’ என்று அடித்தால் ரசிகர்கள் திரும்பி முறைப்பார்கள். இப்போது அந்தத் தொல்லை இல்லை. அதற்கும் ஒரு விலை உண்டு. சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கிறது. மேடையிலும் தேரிலும் இப்போது எல்லாம் எல்.இ.டி. விளக்கு. அது கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிவதால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்ப வேண்டியிருக்கிறது. பிச்சாவரத்துப் படகில் லென்ஸ் மாற்றுவதையும் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. கண்ணாடி என்ற மறைப்பு போனதால் பல மாடல்களில் சென்சார் உப்புக்காற்றுக்கு நேராகத் திறந்திருக்கும்.

படம் இலவசமான பிறகு செலவு எங்கே போயிற்று? லென்ஸுக்குப் போயிற்று. முன்பு ரோல் ரோலாகக் கொடுத்ததை இப்போது மாதத் தவணையாகக் கட்டுகிறார்கள். லென்ஸ் மாட்டும் வாயை, அதாவது மவுண்டை, யாருக்குத் திறந்துவிடுவது என்பதில்தான் கம்பெனிகளின் வியாபாரமே இருக்கிறது. சோனி 2011லேயே தன் இ-மவுண்ட் விவரங்களை மற்ற தயாரிப்பாளர்களுக்குக் கொடுத்தது. கேனன் தன் ஆர்.எஃப். வாயைச் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் 2024இல்தான் திறந்தது, அதுவும் சின்னச் சென்சார் லென்ஸ்களுக்கு. எங்கள் வட்டத்தில் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பவரிடம் முதலில் இதைத்தான் சொல்கிறோம்: “பாடிய பாக்காத தம்பி, அதுக்கு என்ன லென்ஸ், என்ன விலையில கிடைக்குதுன்னு பாரு.” இன்னொரு வழி கைமாற்று. ஒரே மவுண்ட் வைத்திருப்பவர்கள் ஆளுக்கொரு லென்ஸ் வாங்கி மாற்றிக்கொள்கிறார்கள்.

பழைய லென்ஸ்களுக்கு மறுவாழ்வு கிடைத்ததும் அந்தக் கண்ணாடி போனதால்தான். ஹீலியோஸ் தன் வாயிலிருந்து சுமார் 45.5 மில்லிமீட்டர் தள்ளி பிலிம் இருக்கும் என்று எதிர்பார்க்கிறது. நிக்கான் இசட் கேமராவில் அந்தத் தூரம் 16தான். மீதி இடைவெளிக்கு ஓர் உலோக வளையம் போட்டால் போதும், என் ஜெனித் லென்ஸ் புதுச் சென்சாரில் வேலைசெய்கிறது. ஃபோகஸ் கையால்தான், ஆனால் திரையில் பெரிதாக்கிப் பார்க்கலாம். ஒரே நிபந்தனை, உள்ளே பூஞ்சை பிடித்திருக்கக் கூடாது. கடலூர் மாவட்டத்து ஐப்பசி ஈரத்தில் தோல் உறைக்குள் வைத்த லென்ஸ் தப்பாது. காற்றுப் புகாத டப்பாவும் சிலிகா ஜெல்லும் போதும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு குறையைச் சொல்லவேண்டும். இன்று வீணாகும் படத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. நல்ல படத்துக்கும் யாரும் கொடுப்பதில்லை. அது ஹார்ட் டிஸ்க்கில் மற்றதோடு கிடக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களைத் தேடிச் சேர்த்து ஸ்கேன் செய்ததே, அது நடந்தது நெகட்டிவும் பிரிண்டும் எங்கோ ஒரு ஸ்டுடியோப் பரணிலோ வீட்டு டிரங்குப் பெட்டியிலோ பிழைத்துக் கிடந்ததால்தான். எங்கள் காலத்து கீரப்பாளையத்தைத் தேடி யாராவது வந்தால் பாஸ்வேர்டு தெரியாத ஒரு டிஸ்க்கைத்தான் கொடுப்போம். அதனால் டீக்கடையில் ஒரு ஏற்பாடு பேசி முடித்திருக்கிறோம். பொங்கலுக்குப் பொங்கல் ஆளுக்குச் சில படங்களைத் தேர்ந்து, பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் இடமும் ஆண்டும் எழுதி, படத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஒரு பிரதி கொடுத்துவிடுவது. லென்ஸுக்குத் தவணை கட்டுகிறவருக்கு இது பெரிய செலவில்லை. அந்தக் காசை நாங்கள்தான் கொடுக்க வேண்டும், வேறு யாரும் கொடுக்கப்போவதில்லை.